கொல்கத்தா சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டம்: முட்டிவலிக்காரர் நடக்க முடியுமா?

ரயில்சிநேகம்:
ஜனவரியில் மாமனாரைக் கொல்கத்தா கூட்டிப் போகிறேன். ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார். விக்டோரியா நினைவகம்கூட அப்புறம்தானாம், முதலில் காலின் மெக்கன்சியைப் புதைத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். யார் அந்த மெக்கன்சி? அவரிடமே கேட்டால் வகுப்பெடுத்து விடுவார். முட்டிவலி வேறு. நடக்க முடியுமா?

பாலிகஞ்ச்வாசி:
தாராளமாக. நடுப்பாதை சமதரை. பக்கத்துச் சந்துகளில்தான் வேரும் பாசியும் காலை வாரும், கைத்தடி இருக்கட்டும். கொசுவர்த்தி ஏற்ற முடியாது, முழுக்கைச் சட்டை போடச் சொல்லுங்கள்.

1767இல் திறந்த இடம். பார்க் ஸ்ட்ரீட்டுக்கே அன்று 'பரியல் கிரவுண்ட் ரோடு' என்றுதான் பெயர். சின்னச் சின்ன சிலுவைகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். செங்கல்லும் சுண்ணாம்புமாக பிரமிடு, ஊசிக்கோபுரம், குவிமாடம். இங்கிலாந்தில் சாதாரண ஆளாக இருந்திருக்கக்கூடியவர்கள் இங்கே ராஜா மாதிரி படுத்திருக்கிறார்கள், அந்த ஆடம்பரம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் கல்வெட்டில் வயதைப் படித்தால் எரிச்சல் போய்விடும். ஆங்கிலக் கவிஞர் லேண்டர் பாடிய ரோஸ் எய்ல்மருக்கு 20. இந்து கல்லூரியில் பாடம் நடத்திய கவிஞர் டெரோசியோ 1831இல் காலராவில் போனபோது 22.

ஆசியவியல் கழகத்தைத் தொடங்கிய வில்லியம் ஜோன்ஸின் ஊசிக்கோபுரம் கண்ணில் தப்பாது. எனக்குப் பிடித்தது 'இந்து' ஸ்டூவர்ட். ராணுவ அதிகாரி, தினமும் கங்கையில் குளித்தவர். கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்குள் அவருக்குக் கோயில் வடிவில் சமாதி!

சுவடிப்பூச்சி:
மாமனார் கட்சி நான். மெக்கன்சி ஸ்காட்லாந்துக்காரர், இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் (நில அளவைத் துறைத் தலைவர்), 1821இல் இறந்தார். தென்னிந்தியா முழுக்க ஓலைச்சுவடி, கல்வெட்டுப் படி, ஊர்க்கதை என்று திரட்டினார். அவரிடம் வேலை பார்த்த காவலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா சகோதரர்கள் இல்லாவிட்டால் அதில் பாதி நடந்திருக்காது. அந்தத் தொகுப்பில் ஒரு பங்கு சென்னை அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. திரும்பி வந்ததும் அங்கேயும் கூட்டிப் போங்கள்.

ரயில்சிநேகம்:
ஐயோ, அதை அவரிடம் சொல்லவே மாட்டேன். வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தும் சவுத் பார்க் ஸ்ட்ரீட்டில்தானா?

பாலிகஞ்ச்வாசி:
இல்லை, அவர் லோயர் சர்குலர் ரோடு கல்லறையில். மல்லிக்பஜார் பக்கம், கிட்டத்தான். காலையிலேயே கிளம்பினால் இரண்டையும் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் பார்க் ஸ்ட்ரீட் வந்துவிடலாம்.