கிரானைட் தூளும் பாட்டியின் கயிறும்: ஃபைபர் வேலையில் பட்ட அனுபவங்கள்

பர்கூர்க்காரர்:
எங்கள் பக்கம் ஒரு கிரானைட் பாலிஷ் பட்டறை. ஆபீஸிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி ஷெட். இன்டர்நெட் போக நடுவே ஃபைபர் (ஒளியைக் கொண்டுபோகும் கண்ணாடி இழை) இழுத்து, இரண்டு பக்கமும் எஸ்எஃப்பி மாட்யூல் (மின்சிக்னலை ஒளியாகவும் ஒளியை மின்சிக்னலாகவும் மாற்றும் சின்னச் செருகி) போட்டுக் கொடுத்திருந்தோம். ஆறு மாசம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் லிங்க் விட்டு விட்டு வந்தது. ஷெட் பக்கத்து மாட்யூலை மாற்றினேன், சரியாகிவிட்டது. இரண்டே நாள், மறுபடியும் போன். இன்னொன்றை மாற்றினேன். அதுவும் அதே கதை.

மூன்றாவது தடவை சீனியர் அண்ணன் கூட வந்தார். முதலில் ஆபீஸ் முனையைக் கழற்றியாகிவிட்டதா என்று போனில் கேட்டுக்கொண்டார். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும். அப்புறம் பேட்ச் கார்டின் (மாட்யூலில் குத்தும் குட்டி ஃபைபர் வயர்) முனையை ஸ்கோப்பில் (முனையைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) வைத்து, "நீயே பாரு தம்பி" என்றார். நட்டநடுவில் கறுப்பாகக் கல்தூள். ஒளி போகிற நடுப்பகுதியான கோர் வெறும் 9 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதைச் சுற்றியுள்ள கண்ணாடியோடு சேர்த்தாலே 125தான். ஒரு துகள் உட்கார்ந்தால் போதும், வாசலே அடைபட்டது மாதிரி.

நான் செய்த கூத்தைக் கேளுங்கள். அந்த அழுக்குக் கார்டையே புது மாட்யூலிலும் குத்தினேன், புதுசும் அழுக்கானது. முனையை மூடும் டஸ்ட் கேப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். பையில் இருந்த நூல்தூசியும் சேர்ந்து உள்ளே போயிருக்கும். அண்ணன் பேனா மாதிரி இருக்கும் கிளீனரால் கார்டை ஒரு கிளிக், மாட்யூல் வாயில் ஒரு கிளிக். வந்து சேரும் ஒளியின் அளவை மைனஸ் 21 டிபிஎம் என்று காட்டிய மீட்டர் மைனஸ் 7க்கு வந்தது, அதாவது ஒளி நன்றாகக் கூடிவிட்டது. மாற்றிப்போட்ட மாட்யூல்களுக்கு வாங்கிய காசை ஓனரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அன்றைய பெரிய வேலை.

காவேரிப்பட்டணத்துக்காரர்:
எனக்குத் தூசி இல்லை, பாட்டி. வீட்டில் ஓஎன்யூவில் (ஃபைபர் வந்து சேரும் இன்டர்நெட் பெட்டி) சிவப்பு லைட். வெளியே கேபிள் நன்றாக இருக்கிறது, ஸ்பிளைஸும் (இழைகளை ஒட்டிய இணைப்பு) சரி. சிவப்பு லேசர் பேனாவை அடித்துப் பார்த்தால், சுவர் ஆணியருகே மஞ்சள் கார்டு நெருப்புத்துண்டு மாதிரி ஜொலிக்கிறது. விரல் தடிமனுக்குச் சுருட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். "வயர் தொங்குதேன்னு நான்தான் கட்டினேன் கண்ணு" என்றார் பாட்டி. சாதாரண ஃபைபரை 3 செ.மீ. ஆரத்துக்குக் கீழே வளைத்தால் ஒளி வெளியே கசிய ஆரம்பித்துவிடும். கயிற்றை அவிழ்த்ததும் லைட் பச்சை. பாட்டி முகத்தில்தான் கொஞ்சம் வருத்தம்.

தொப்பூர்க்காரர்:
ஒற்றை இழையிலேயே போக்கும் வரவும் ஓடும் பைடி மாட்யூலில், எங்களிடம் இருந்த வகையில், ஒரு பக்கம் 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அனுப்பினால் மறுபக்கம் 1550ல் அனுப்ப வேண்டும். நான் இரண்டு முனையிலும் 1310 மாட்டிவிட்டு, கணவாய் ரோட்டில் நாலு மணி நேரம் கேபிள் அறுந்த இடத்தைத் தேடினேன். இப்போதெல்லாம் வண்டியிலேயே ஜோடி ஜோடியாக டேப் ஒட்டித்தான் வைத்திருக்கிறேன்.