தோப்பு வீடு குழு: திரும்பி வந்த 5 கிரேட்டு

வியாழன்

அண்ணன், மதியம் 2:14
கடைக் கம்பெனிக்காரங்க பழம் வாங்குற சென்டருக்கு 12 கிரேட்டு கொய்யா கொண்டுபோனேன். 5 திரும்பி வந்திருச்சு. படம் போட்டிருக்கேன், பாருங்க.

அண்ணன்
தோல்ல பழுப்புப் புள்ளி இருக்காம். வெட்டிக் காட்டுறேன், உள்ள பாருங்கன்னு சொன்னேன். வேணாம் சார், நாங்க மேல பாத்துத்தான் எடுப்போம்னுட்டான் சென்டர்ல நிக்கிற பையன்.

தம்பி
அஞ்சு கிரேட்டா? 100 கிலோண்ணே!

அம்மா
சாப்பிட்டியாப்பா

அண்ணன்
இல்லம்மா. வண்டி இப்பத்தான் அலங்காநல்லூர் தாண்டுது. வீட்டுக்கு வந்துதான்.

மதினி
நேத்து ராத்திரி 8 மணிக்கு 240 கிலோ வேணும்னு இன்டென்ட் வந்துச்சு. விடிய 4 மணிக்கு எந்திரிச்சோம். ஒவ்வொரு பழத்தையும் காம்போட ரெண்டு எலை விட்டு கத்தரியில வெட்டி, ஈரத்துணியில துடைச்சு, வலை மாட்டி, ஒண்ணோட காம்பு இன்னொண்ணுல குத்தாம சாய்ச்சு அடுக்கினேன். அந்தப் புள்ளி என் கண்ணுல படாம இல்ல. குண்டூசித் தலை அளவுதான். பழத்துக்கு ஒரு கெடுதலும் இல்லன்னு தெரிஞ்சுதான் வச்சேன்.

மதினி
திரும்பி வந்த கிரேட்டுல மேல் அடுக்குப் பூராம் நகம் பட்டிருக்கு. அழுத்திப் பாத்திருக்காய்ங்க. இனி அது நாளைக்குத் தாங்காது.

சித்தப்பா
நான் அப்பவே சொன்னேன். மாட்டுத்தாவணி மண்டிக்கு ஏத்துங்கடான்னு. 30 வருசமா மண்டிக்குப் போடுறோம், ஒரு பழம் திரும்பி வந்திருக்கா? விலையக் கொறைப்பான், திருப்பி அனுப்ப மாட்டான். தங்கச்சி கல்யாணத்துக்கு முன்பணம் குடுத்தது யாரு? இந்தக் கம்பெனியா?

அண்ணன்
சித்தப்பா, அந்த முன்பணம் கழியிற வரைக்கும் ரெண்டு போகம் வேற யாருக்கும் ஒரு பழம் விக்க முடியல. மண்டிக்காரரு வச்சதுதான் விலை. நீங்களும்தான் கூட நின்னு பாத்தீங்க.

அத்தான்
மாப்ள, படத்தைப் பெருசாக்கிப் பாத்தேன். இது நோய் இல்ல. தேயிலைக் கொசுன்னு ஒரு பூச்சி குத்துன தழும்பு. பிஞ்சுல சாறு உறிஞ்சுன எடம் தக்கை மாதிரி காஞ்சு போயிரும். பழம் பெருக்கப் பெருக்க சொறி மாதிரி தெரியும். சதைக்கு ஒண்ணுமில்ல, தாராளமா சாப்பிடலாம். தளிர் அடர்ந்து வெளிச்சம் இறங்காத மரத்துலதான் சாஸ்தி வரும். எந்த வரிசைப் பழம்?

அண்ணன்
கிணத்துப் பக்கம். போன தடவை கிளையை வெட்டிக் கவாத்து பண்றதைத் தள்ளிப் போட்டோமே, அந்த வரிசை.

அத்தான்
அப்ப அதுதான் காரணம். பழ ஈ இருக்கா?

மதினி
இல்லண்ணே. பொறி 12 தொங்குது. வாரத்துக்கு ஒருக்கா செத்த ஈயைக் கொட்டிட்டு மருந்துக் கட்டையப் பாத்துக்கிறேன். கீழ விழுந்த பழத்தை அன்னன்னைக்கே பொறுக்கி ஆழமா குழியில போட்டு மூடிடுறோம்.

அத்தான்
அதை மட்டும் விட்டுறாதம்மா. பொறியில இருக்குற மீத்தைல் யூஜினால் வாசத்துக்கு ஆண் ஈ மட்டும்தான் வந்து விழும். பொட்டை ஈ முட்டை வச்ச பழம் கீழ கிடந்தா, புழு மண்ணுக்குள்ள எறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயா வரும். நாங்க ஒத்தக்கடை விவசாயக் காலேஜ்ல படிக்கும்போது வாத்தியார் இதைத்தான் மொதல்ல சொல்லுவாரு.

தம்பி
நான் இங்க சென்னையில ஞாயித்துக்கிழமை கடையில பாத்தேன். நம்ம லக்னோ 49 ரகம் மாதிரியே இருந்துச்சு, கிலோ 98 ரூபா. கையில எடுத்தா மெத்துன்னு போகுது. கொய்யா வெளிய வச்சா 3, 4 நாளைக்கு மேல தாங்காது. அது அடுக்குல கெட்டா அவய்ங்க நட்டம்னு, நம்மகிட்ட வாங்கும்போதே எல்லாத்தையும் கழிச்சு விடுறாய்ங்க.

நான், மாலை 5:40
எல்லாரும் கொஞ்சம் பாருங்க. மதினிகிட்ட போன்ல கேட்டு கணக்குப் போட்டேன்.
12 கிரேட்டும் எடுத்திருந்தா 240 கிலோ, 38 ரூபா வீதம் 9120. குட்டியானை வாடகை 1200, வலை 700 போக 7220.
இன்னைக்கு எடுத்தது 140 கிலோ. 5320. வாடகை போக 4120. வலைக்கு 700 ஆச்சு. கையில நிக்கிறது 3420.
இதே 240 கிலோவை மண்டிக்கு 20 ரூபான்னு போட்டிருந்தா 4800. கமிஷன் 480, வண்டி 800. மிச்சம் 3520.
அதாவது இன்னைக்கு மண்டிய விட 100 ரூபா கம்மி. மதினி 4 மணிக்கு எந்திரிச்சதுக்கு இதுல கூலியே சேக்கல.

சித்தப்பா
பாத்தியா

நான்
இல்ல சித்தப்பா, நான் மண்டிக்குப் போகச் சொல்லல. முழுசா எடுத்தா 7220 வருது, அதையும் பாருங்க. விலை நல்ல விலைதான். வெட்டுனதுக்கு அப்புறம், வண்டியேத்திக் கொண்டுபோய் இறக்குனதுக்கு அப்புறம், வேணாம்னு சொல்றதுதான் நம்மளக் கவுக்குது. மரத்துல இருக்குற பழம் இன்னும் ரெண்டு நாள் நிக்கும். வெட்டுன பழம் நிக்குமா? பழம் தோப்புல இருக்கும்போதே எது வேணும் எது வேணாம்னு அவய்ங்க சொல்லியாகணும்.

தம்பி
எழுத்துல கேளுங்கண்ணே. எம்புட்டு கிராம், எம்புட்டு பெரிய புள்ளி வரைக்கும் எடுப்பாங்கன்னு. இப்ப ஒவ்வொரு பையன் ஒவ்வொரு மாதிரி சொல்றான்.

அண்ணன்
ஆமா. போன வாரம் நின்ன பையன் இதே மாதிரிப் புள்ளியோட எடுத்தான்.

மதினி
சரி, அந்த 5 கிரேட்டை இப்ப என்ன பண்றது? ராத்திரி தாண்டுனா பழுத்துரும்.

நான்
மதினி, அப்பா பேர்ல உழவர் சந்தை அட்டை இருக்குல்ல? வெள்ளன மதுரை அண்ணாநகர் சந்தைக்குக் கொண்டு வந்துருங்க. நான் பக்கத்துலதான இருக்கேன், 5 மணிக்கெல்லாம் வந்து நிக்கிறேன். கமிஷன் கிடையாது, தராசு அங்கேயே குடுப்பாங்க.

அம்மா
அப்பா வாராராம். சட்டை எடுத்து வச்சாச்சு

வெள்ளி

நான், காலை 9:55
4 கிரேட்டு போயிருச்சு! கிலோ 40. நகம் பட்ட பழத்தை மதினி முன்னாடியே கழிச்சு ஒரு கிரேட்டுல தனியா வச்சிருந்தாங்க. அதை வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன். கொய்யாவுல பெக்டின் நிறைய இருக்கு, ஜெல்லி நல்லா இறுகும். காய்ச்சப் போறேன்.

நான்
ஒரு அம்மா புள்ளியைக் காட்டி இது என்னன்னு கேட்டாங்க. மதினி பேசவே இல்ல. கத்திய எடுத்து ரெண்டா வெட்டி உள்ள காட்டுனாங்க. வெள்ளை வெளேர்னு சதை. அந்தம்மா அங்கேயே ஒரு துண்டு தின்னு பாத்துட்டு 3 கிலோ வாங்குனாங்க. நேத்து அந்த சென்டர்ல இதுக்கு ஒரு நிமிசம் ஆகியிருக்குமா? எனக்கு அங்க நின்னுக்கிட்டே கண்ணு கலங்கிருச்சு.

மதினி
மாமாவுக்குத்தான் சந்தோசம். பழைய ஆளுக ரெண்டு பேரு அடையாளம் கண்டு பேசுனாங்க.

நான்
தமிழ்நாட்டுலயே முதல் உழவர் சந்தை இதுதானே, 1999 நவம்பர் 14ல தொறந்தது. அப்பா அந்த மாசமே தேங்காய் கொண்டு வந்தாரு. நான் கூட வந்து சாக்குல உக்காந்திருந்தது இன்னும் ஞாபகம் இருக்கு.

சித்தப்பா
80 கிலோ 3200 ரூபா. நல்ல விலைதான். ஆனா தெனம் ஒரு ஆளு அங்க போய் உக்கார முடியுமா? தோப்பு வேலைய யாரு பாக்குறது?

நான்
முடியாதுதான் சித்தப்பா, அது சரி. தெனம் வேணாம். கழிச்சது இருக்குற அன்னைக்கு மட்டும் வரட்டும்.

சனி

அண்ணன், மாலை 6:30
சென்டர் மேனேஜர்கிட்ட நேர்ல பேசுனேன். பழத்தையும் கத்தியையும் கையோட கொண்டுபோய் அவரு மேசையிலேயே வெட்டிக் காட்டுனேன். அவரு ஒரு துண்டு சாப்பிட்டாரு. தோப்புக்கு ஆள் அனுப்ப முடியாதாம். ஆனா வெட்டுறதுக்கு முந்துன நாள் சாயங்காலம் வரிசைக்கு 10 பழம் படம் எடுத்து அனுப்பச் சொல்லிட்டாரு. அவரு சரின்னு போட்ட வரிசைய மட்டும் வெட்டுனாப் போதும். எழுத்துல கேட்டேன், மெசேஜா அனுப்பிட்டாரு.

தம்பி
அந்த மெசேஜை அழிச்சிராதீங்கண்ணே.

அத்தான்
நல்லது மாப்ள. இன்னொண்ணு. கொய்யா புதுத் தளிர்லதான் பூக்கும். எல்லா மரத்தையும் ஒரே நாள்ல கவாத்து பண்ணாத. தோப்பை நாலா பிரிச்சு மாசத்துக்கு ஒரு பகுதியா வெட்டு. பழமும் அப்படியே பிரிஞ்சு வரும். ஒரேயடியா குவிஞ்சா எந்தக் கடைக்காரனும் கழிக்கத்தான் பாப்பான். கவாத்துலேர்ந்து பழத்துக்கு அரை வருசம் ஆகும், அதனால இப்பவே ஆரம்பிக்கணும். வெளிச்சம் இறங்குனா அந்தக் கொசுவும் கொறையும்.

அண்ணன், இரவு 8:05
இன்டென்ட் வந்திருச்சு. 200 கிலோ கேட்டாய்ங்க. 120 தான் குடுக்க முடியும்னு சொல்லிட்டேன்.

சித்தப்பா
மிச்சத்தை மண்டிக்குப் போடு. அவரையும் பகைச்சுக்க வேணாம்.

அண்ணன்
சரி சித்தப்பா. 2 கிரேட்டு போடுறேன்.

அப்பா, இரவு 8:31
கிணத்துப் பக்கம் நாளைக்கு வெட்ட வேண்டாம். பழம் முடிஞ்ச மரமா பாத்து கவாத்து பண்ணனும். ரோட்டுப் பக்கம் நடந்து பாத்துட்டு வந்தேன். 8 கிரேட்டு தேறும். புள்ளி இல்லை.

அம்மா
கத்தரி ஒண்ணு மழுங்கிருச்சே

மதினி
சாயங்காலமே சாணை பிடிச்சு வச்சுட்டேன் அத்தை.