சோக்: ‘காற்றடைப்பான்’ வேண்டாம், ‘செறிப்பான்’ வைப்போம்

அன்பின் நண்பர்களுக்கு,

ஆறிக் கிடக்கும் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய இழுக்கிற சோக்குக்குத் தமிழில் ‘காற்றடைப்பான்’ என்று வைக்கலாம் என நேற்று வந்த மடலைப் பார்த்தேன். கேட்க நல்ல சொல்தான். ஆனால் அந்தச் சொல் தரும் கருத்தை நம்பி ஒரு காலைப்பொழுதை வீணாக்கியவன் நான். அதனால் மறுக்கிறேன்.

அப்பா காலத்து மொறிஸ் மைனர் கார் ஒன்று எங்கள் வீட்டில் நிற்கிறது. போன மாரியில் காலையில் ஸ்டார்ட் வரவே மாட்டேன் என்றது. பற்றறி நல்லது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறி அடிக்கிறது, நுனியில் பெற்றோல் ஈரம் மட்டும் இல்லை. சரி, சோக்கில்தான் பிழை என்று காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு, காற்றை அடைக்கும் தகட்டைத் தேடினேன். உள்ளே வழியை மறித்துக்கொண்டு ஒன்று நின்றது. விரலால் தூக்கி விட்டேன், ‘டக்’கென்று விழுந்தது. அடைப்பது நன்றாகத்தான் அடைக்கிறது என்று மூடிவிட்டுப் பெற்றோல் பம்பைக் கழற்றினேன். அது பாவம், அதுவரை டிக் டிக்கென்று ஒழுங்காக அடித்துக்கொண்டுதான் இருந்தது.

கல்லடியில் பழைய கார்கள் பார்க்கும் அண்ணன் வந்து, பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றருக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு என்னைச் சோக்கை இழுக்கச் சொன்னார். “கேபிள் வருது தம்பி, ஜெட் இறங்குதில்ல.” ஜெட் என்பது காபரேற்றருக்குள் பெற்றோல் வரும் சிறு குழாய். கேபிளைப் பிடிக்கும் திருகாணி தளர்ந்திருந்தது. அதை இறுக்கி, துருவேறிய மூட்டுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். மறுகா ஒரே அடியில் பற்றியது.

நான் தூக்கிப் பார்த்தது தகடல்ல, காபரேற்றருக்குள்ளேயே ஏறி இறங்கும் பிஸ்டன். மைனரில் இருக்கும் எஸ்.யூ. வகைக் காபரேற்றரில் சோக் காற்றை அடைப்பதே இல்லை, ஜெட்டைக் கீழே இறக்குகிறது. பிஸ்டனிலிருந்து ஜெட்டின் நடுவில் தொங்கும் ஊசி கீழே போகப்போக மெலிவதால் இடைவெளி கூடி, பெற்றோல் அதிகம் வருகிறது. தகடு வைத்த காபரேற்றர்களில் காற்று அடைபடுவது உண்மைதான். ஆனால் அங்கும் கடைசியில் நடப்பது கலவையில் பெற்றோல் கூடி அது செறிவதுதான். பெற்றோல் முழுதாக எரிய, நிறைப்படி அதைப்போல 14.7 மடங்கு காற்று வேண்டும் என்பது கணக்கு. ஆறிக் கிடந்த எஞ்சினில் பெற்றோல் சரியாக ஆவியாகாது, அதனால் அந்தக் கணக்கை மீறிக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஐதான அமிலம், செறிந்த அமிலம் என்று பள்ளியில் படித்த நமக்குச் ‘செறிப்பான்’ என்பது புதிதாகவும் இராது.

சூடான கச்சான் காற்று அடிக்கும் நாளில் ஓடி வந்து, காத்தான்குடியில் ஒரு கடை வாசலில் பத்து நிமிடம் நிறுத்தினால் வேறு தொல்லை. மைனரில் புகைபோக்கிக் குழாய்க்கு நேர்மேலேதான் காபரேற்றர். சூடு ஏறிப் பெற்றோல் கொதித்து உள்ளே வழிந்துவிடும். அப்போது செறிப்பானை இழுக்கலாமா? பெயரே பதில் சொல்கிறது: ஏற்கெனவே செறிந்து கிடக்கிறது, இழுக்காதே. அக்சிலறேற்றரை முழுக்க அழுத்திப் பிடித்து ஸ்டார்ட் அடிக்க வேண்டியதுதான். ‘காற்றடைப்பான்’ இதைச் சொல்லுமா?

‘செறிவூட்டி’யும் யோசித்தேன். சத்துச் சேர்த்த அரிசிதான் நினைவுக்கு வருகிறது, விட்டுவிட்டேன். தகட்டுக்கு மட்டும் ‘அடைதகடு’ இருக்கட்டும், நண்பரின் சொல்லில் பாதியாவது பிழைக்கும்.

ஜெட்டுக்கு என்ன வைப்பது? என்னிடம் இருப்பது ‘பீச்சுமுனை’. ஆனால் எஸ்.யூ.வில் அது பீச்சுவதில்லை, காற்றோட்டம் அதிலிருந்து பெற்றோலை உறிஞ்சுகிறது. ஆகவே அதிலும் எனக்குத் திருப்தி இல்லை.