பிடோக் ஜெட்டி வஞ்சிரம்: விடணுமா, வீட்டுக்கா?

ஜெட்டிக்காரன்:
நம் சிங்கப்பூரின் பிடோக் ஜெட்டியில் முழங்கை நீள வஞ்சிரம் பிடித்துப் படம் போட்ட தம்பியை, "குட்டியை ஏன் எடுத்தாய்" என்று எல்லாரும் திட்டித் தீர்த்துவிட்டார்கள். அநியாயம். வஞ்சிரம் நம் கரையிலேயே கிடக்கிற மீனா? வடகிழக்குப் பருவக்காற்றில் தென்சீனக் கடல் தண்ணீர் நம் சிங்கப்பூர் நீரிணை வழியே மேற்கே போகிறது, தென்மேற்குப் பருவக்காற்றில் ஜாவாக் கடல் பக்கமிருந்து திரும்புகிறது. இரை போகும் பக்கம் வஞ்சிரமும் போகும். அக்கம்பக்க நாடுகளில் வலைப்படகுகள் அள்ளும்போது நம் ஒற்றைத் தூண்டிலால் என்ன குறையப்போகிறது?

உப்புக்காற்று:
அண்ணே, ஓடுகிற மீன் என்பதால்தான் கவலையே. அட்லாண்டிக்கின் நீலத்துடுப்புச் சூரையைப் பாருங்கள். ஒரு கூட்டம் மெக்சிகோ வளைகுடாவில் முட்டையிடுகிறது, இன்னொன்று மத்தியதரைக் கடலில். மேற்குத் தீர்க்கரேகை 45 பாகையில் கோடு போட்டு இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டார்கள். போகும் பாதையை அறிய மின்னணு அட்டை மாட்டி விட்ட மீன்கள் கோட்டைத் தாண்டிப் போய் வந்தன. அப்புறம் மீனின் காதுக்குள் இருக்கும் காதுக்கல்லை அறுத்துப் பார்த்தார்கள். மர வளையம் போல அடுக்கடுக்காக வளரும் கல் அது. நடுப்பகுதி முதல் வயதில் உண்டானது. அதிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்பு (எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்கள்) விகிதம் எந்தக் கடலில் வளர்ந்த குஞ்சு என்று காட்டிவிடும். அமெரிக்கக் கரையோரம் பிடிபட்டதில் பல, மத்தியதரைக் கடலில் பிறந்தவை! அந்தக் கூட்டம் பெரியது. அது வந்து கலந்துகொண்டே இருக்கும் வரை தூண்டில்காரருக்கு மீன் குறைந்ததாகவே தோன்றாது. மெக்சிகோ வளைகுடாவின் சின்னக் கூட்டம் தேய்வது யார் கண்ணிலும் படாது.

ஜெட்டிக்காரன்:
அது சூரை, பெருங்கடலையே கடக்கும். இங்கே இரண்டு கூட்டம் கலக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறாய்?

உப்புக்காற்று:
வஞ்சிரத்துக்கு அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் நாம் நிற்கும் இடத்தை யோசியுங்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே. இந்த நீரிணையே தரை. இந்தியப் பெருங்கடல் மீனும் பசிபிக் மீனும் பிரிந்து கிடந்தன. பல கடலுயிர்களின் மரபணுவில் அந்தப் பிரிவு இன்றும் தெரிகிறது. தண்ணீர் ஏறியதும் இரண்டு பக்கமும் சந்திக்கிற வாசல் நம்முடையது. நம் கூடையில் மீன் விழுவதை வைத்து "கடல் நன்றாக இருக்கிறது" என்று சொல்ல முடியாது.

சாங்கி அக்கா:
ஜோகூர் நீரிணைக் கொடுவாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூண்டுப் பண்ணை வலை கிழிந்தால் வளர்ப்பு மீன் வெளியே வந்து காட்டு மீனோடு கலந்துவிடும். கையில் இருப்பது எது என்று பார்த்தவுடன் சொல்வது கடினம். கொடுவா ஆணாக வளர்ந்து பெரிதானபின் பெண்ணாக மாறும். எனவே பெரியதை எல்லாம் எடுத்துவிட்டால் முட்டையிட ஆளில்லை.

ஜெட்டிக்காரன்:
சரி, கொடுவாவை ஒப்புக்கொள்கிறேன். அதைத் தண்ணீரில் விட்டால் நீந்திப் போகும். வஞ்சிரம் அப்படியில்லை. ஜெட்டியின் அத்தனை உயரத்துக்குத் தூக்கி, கொக்கி கழற்றுவதற்குள் துவண்டுவிடும். அதை விடச் சொல்வது வீண்.

உப்புக்காற்று:
அதனால்தான் விடச் சொல்லவில்லை அண்ணே. வீட்டுக்கு வேண்டியது கிடைத்ததும் அடுத்த ஜிக்கை (உலோகப் போலி இரையை) வீசாதீர்கள் என்கிறேன்.