தண்ணீர் மாற்றியதும் கோல்ட்ஃபிஷ் அடியில் போய் அசையாமல் நிற்கிறது, ஏன்?

வாலாட்டி:
தொட்டியில் இரண்டு கோல்ட்ஃபிஷ் இருக்கின்றன, ஒன்று நீளவால் காமெட், இன்னொன்று குண்டு ஒராண்டா. பாதித் தண்ணீரை மாற்றும்போதெல்லாம் இரண்டும் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியில் போய் நின்றுவிடுகின்றன, சில மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது. குளோரின் நீக்கும் மருந்து கலந்துதான் ஊற்றுகிறேன். தொட்டியில் 27 டிகிரி, குழாய்த் தண்ணீர் 19. இது குளிர்நீர் மீன் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள், அப்புறம் ஏன் இப்படி?

பாசிக்கல்:
கணக்குப் போட்டுப் பாருங்கள். 27-ல் பாதி, 19-ல் பாதி கலந்தால் 23. கோல்ட்ஃபிஷுக்கு 23 அருமையான வெப்பநிலை, ஆனால் சில நிமிடத்தில் 4 டிகிரி இறங்குவதுதான் இடிக்கிறது. மீனுக்குச் சொந்தச் சூடு கிடையாது, தண்ணீர் என்ன வெப்பமோ உடம்பும் அதுதான், அதனால் இதயத் துடிப்பு, செரிமானம், நரம்பு எல்லாமே ஒரே நேரத்தில் மந்தமாகின்றன. குளிருக்கு ஏற்றபடி செல் சவ்வில் உள்ள கொழுப்பின் கலவையையே அது மாற்றிக்கொள்ளும், ஆனால் அதற்கு நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் ஆகும். சூட்டுக்குப் பழகுவதைவிடக் குளிருக்குப் பழகுவது மெதுவாகத்தான் நடக்கும். இதே மீன் குளத்தில் பனிக்கட்டிக்கு அடியில் 4 டிகிரியில் குளிர்காலத்தை ஓட்டிவிடும், அங்கே அந்த இறக்கத்துக்கு மாதங்கள் கிடைக்கின்றன.

கால் பங்கு மட்டும் மாற்றினால் 25-தான் வரும். அதையும் மெதுவாக ஊற்றுங்கள். இல்லையென்றால் கொஞ்சம் வெந்நீர் கலந்து, தொட்டிக்கும் வாளிக்கும் 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையை விட்டுப் பார்ப்பதெல்லாம் நம்ப முடியாது, தெர்மாமீட்டர் வையுங்கள்.

நீர்க்குமிழி:
மேலே சொன்னது சரி, ஆனால் எனக்கு அந்த 27-தான் அதிகம் உறுத்துகிறது. 20 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30-ல் ஏழரைதான். அதே 10 டிகிரி ஏற்றத்தில் மீனின் தேவையோ ஏறக்குறைய இரட்டிப்பாகிறது! கழிவும் கூடுகிறது, அமோனியாவின் நச்சுத்தன்மையும் சூட்டில் ஏறுகிறது. மேலே வந்து வாய் பிளந்தால், செவுள் படபடவென்று அடித்தால் அதுதான் அறிகுறி, குண்டு உடம்புக்காரர் ஒராண்டாதான் முதலில் காட்டிக்கொடுப்பார். மூடியைத் திறந்து நீர்ப்பரப்பின் மேல் ஃபேன் காற்று படும்படி வையுங்கள், ஆவியாகும்போது இரண்டு மூன்று டிகிரி குறையும், காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனையும் நிறுத்தாதீர்கள். ஐஸ் கட்டியைத் தூக்கிப் போடும் வேலை மட்டும் வேண்டாம்.

பழையவாளி:
வெப்பம்தான் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு சோதனை. புதுத் தண்ணீரை மருந்து கலந்து வாளியில் பிடித்து, தொட்டி இருக்கும் அறையிலேயே ஒரு இரவு வைத்து, இரண்டும் ஒரே வெப்பத்துக்கு வந்தபின் ஊற்றுங்கள். அப்போதும் அடியில் போய் நின்றால் சந்தேகம் பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மை) மேல்தான், வெகுநாள் ஓடிய தொட்டியில் பிஎச் இறங்கியிருக்கும், குழாய் நீரில் உயர்ந்திருக்கும், மீன் அதற்கும் இப்படித்தான் துடுப்பை ஒடுக்கும். இன்னொன்று, திடீர்க் குளிருக்குப் பிறகு சில நாள் உடம்பில் உப்புத் தூவியதுபோல் புள்ளி வருகிறதா என்று கவனியுங்கள். நோய் எதிர்ப்பு குறையும் சமயம் பார்த்துத்தான் வெள்ளைப்புள்ளி நோய் தொற்றும்.

வாலாட்டி:
நன்றி, வாளி வைத்துப் பார்க்கிறேன். குளிர்காலத்தில் ஹீட்டர் வேண்டுமா?

பாசிக்கல்:
காமெட்டுக்குத் தேவையே இல்லை. ஒராண்டா இருப்பதால், அறை இரவில் ரொம்பக் குளிர்ந்து பகலில் சூடேறும் என்றால் மட்டும் 20-ல் வையுங்கள், ஏற்ற இறக்கம் குறையும். தண்ணீர் குளிரும் காலத்தில் தீனியைக் குறையுங்கள், 10-க்குக் கீழே போனால் அநேகமாக நிறுத்திவிடலாம், கேட்டாலும் போடாதீர்கள்.