லாரி டர்போவில் ஜெட் பைக்: பிளேம் ட்யூப் ஓட்டைக் கணக்கு, ஆயில், ஏற்காடு ஏற்றம்

சூரமங்கலம்_பட்டறை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். லாரி டர்போவை வெச்சு ஜெட் எஞ்சின் கட்டி, எஞ்சின் இறக்கின பழைய யெஸ்டி பைக் சேசிஸ்ல ஏத்தற வேலை. டர்போன்னா புகையில சுத்தற டர்பைன் சக்கரமும் காத்தை அமுக்கற கம்ப்ரசர் சக்கரமும் ஒரே ஷாஃப்ட்ல இருக்கற சாமான்; ரெண்டுக்கும் நடுவுல எரிபொருளை எரிச்சா அதுவே ஜெட். அது சங்ககிரி பழைய சாமான் கடையில எடுத்தது. கம்ப்ரசர் சக்கரம் காத்து உள்ளே போற வாய்ல 60 மி.மீ., வெளி விளிம்புல 86 மி.மீ. ஷாஃப்ட் மேல கீழ லேசா ஆடுது, முன்னே பின்னே ஆடற மாதிரி கைக்குத் தெரியல. 304 எஸ்.எஸ். ஷீட் 1.5 மி.மீ. கனம் இருக்கு, டிக் வெல்டிங் இருக்கு.

மூணு விஷயம் தெளிவாகணும். பிளேம் ட்யூப் (உள்ளே தீ எரியற ஓட்டைக் குழாய்) அளவும் ஓட்டைக் கணக்கும் எப்படிப் போடறது? லாரி எஞ்சின்ல இருந்து வர்ற ஆயில் இல்லாம டர்போவுக்குத் தனியா ஆயில் எப்படிக் குடுக்கறது? வண்டி ஏற்காடு அடிவாரத்துல இருந்து மேலே ஏறுமா?

ஐந்துரோடு_டர்போ

முதல்ல டர்போ. மேல கீழ ஆட்டம் இருக்கறது சரிதான். அது ஆயில் படலத்துல மிதக்கிற புஷ், ஆயில் இல்லாதப்ப ஆடத்தான் செய்யும். சக்கரம் ஹவுசிங்ல உரசின தடம் இருக்கான்னு மட்டும் பாருங்க. முன்னே பின்னே ஆட்டத்தைக் கையால பார்த்து முடிவு பண்ணாதீங்க, டயல் கேஜ் வெச்சு அளங்க. 0.1 மி.மீ. தாண்டினா த்ரஸ்ட் பேரிங் போச்சு, கிட் (பேரிங், சீல் செட்) மாத்திட்டுத்தான் அடுத்த வேலை. டர்பைன் பக்கம் வேஸ்ட்கேட் (மிச்சப் புகையைப் பக்கவாட்டுல விடற கதவு) இருந்தா மூடி வெல்ட் வெச்சுடுங்க. உள்ளே இதழ் திறந்து மூடற வி.ஜி.டி. டர்போவா இருந்தா அந்த டர்போவே இதுக்கு வேண்டாம், அந்த இதழெல்லாம் இந்தச் சூட்டுல இறுகி நின்னுடும்.

அளவுக்கு எல்லாமே அந்த 60 மி.மீ. வாய்தான் அடிப்படை. பிளேம் ட்யூப் விட்டம் அதுக்கு ரெண்டு மடங்கு, 120 மி.மீ. நீளம் ஆறு மடங்கு, 360 மி.மீ. ஓட்டைகளோட மொத்தப் பரப்பு கம்ப்ரசர் வாயோட பரப்புக்குச் சமமா இருக்கணும். 60 மி.மீ. வட்டத்துக்கு 2,827 சதுர மி.மீ. வரும். அதை 30, 20, 50 சதவீதமாப் பிரிங்க.

முதல் பங்கு 848 சதுர மி.மீ. 5 மி.மீ. ஓட்டை ஒண்ணு 19.6, அப்போ 43 வரும். வரிசைக்கு 11 வீதம் நாலு வரிசையா 44 போடுங்க. இது நாசில் (எரிபொருளைத் தூவற முனை) இருக்கற பக்கத்துல இருந்து 110 மி.மீ.க்குள்ள முடியணும். தீ பிடிச்சு நிக்கிற இடம் அதுதான். ரெண்டாவது பங்கு 565. 8 மி.மீ.யில 11 ஓட்டை, 155 மி.மீ. தூரத்துல ஒரே வரிசை. மூணாவது 1,414. 15 மி.மீ.யில 8 ஓட்டை, 250 மி.மீ. கிட்ட. அதுக்கப்புறம் ஓட்டையே கூடாது. மீதி 110 மி.மீ. சூடும் குளிர்ச்சியும் கலக்கறதுக்கான இடம். அங்கே கலக்காம போனா டர்பைனுக்குள்ள ஒரு பக்கம் மட்டும் அதிகச் சூடாப் போகும், சராசரி மீட்டர்ல சரியாக் காட்டினாலும் இறக்கை தின்னுப் போகும்.

ஷீட்டைத் தட்டையா வெச்சே ஓட்டை போட்டுட்டு அப்புறம் ரோலிங் குடுங்க. வெளி விட்டம் 120 வேணும்னா விரிச்ச நீளம் 372 மி.மீ. வரிசைக்கு 11 ஓட்டைன்னா இடைவெளி 33.8. அடுத்தடுத்த வரிசையைப் பாதி இடைவெளி தள்ளிக் குறிங்க, இல்லன்னா ரோலர்ல ஓட்டை வரிசையில ஷீட் மடியும். பிசிறு ஒண்ணு கூட உள்ளே இருக்கக் கூடாது. நிமிஷத்துக்கு 80 ஆயிரம் சுற்றுல ஓடற சக்கரத்துல ஒரு துணுக்கு பட்டாலே இறக்கை முனை போயிடும்.

பிளேம் ட்யூபைச் சுத்தி வர்ற வெளி டப்பா 160 மி.மீ. உள்விட்டம், 3 மி.மீ. எம்.எஸ். (சாதா இரும்பு) போதும். பிளேம் ட்யூபை ரெண்டு முனையிலயும் இறுக்கி வெல்ட் வைக்காதீங்க. 360 மி.மீ. எஸ்.எஸ்., 600 டிகிரி ஏறினா 3.5 மி.மீ.க்கு மேல நீளும். நாசில் பக்கம் மாட்டுங்க, டர்பைன் பக்கம் வழுக்குற மாதிரி சொருகி விடுங்க. டப்பாவைத் தண்ணி நிரப்பி 5 பார் ஏத்தி சோதிங்க. காத்து வெச்சு சோதிக்கக் கூடாது, வெல்ட் விட்டா வெடிச்சுச் சிதறும்.

கொண்டலாம்பட்டி_டீசல்

ஓட்டைக் கணக்கு மேலே அண்ணன் சொன்னபடியே போங்க. வீட்டுப் பட்டறையில கட்டற டர்போ ஜெட் பெரும்பாலும் தீயால சாகறதில்ல, ஆயிலால சாகுது.

12 வோல்ட் மோட்டார்ல ஓடற கியர் பம்ப், 3 பார் அழுத்தம், நிமிஷத்துக்கு 3 லிட்டர். ஆயில் மெல்லிசா இருக்கணும், 32 கிரேடு டர்பைன் ஆயில் சரியா வரும். 5 லிட்டர் டேங்க், வழியில ஃபில்டர், டர்போவுக்குள்ள ஆயில் போற வாய்லயே பிரஷர் கேஜ். பம்ப் கிட்ட கேஜ் வெச்சுட்டு நல்லா இருக்குன்னு நம்பக் கூடாது. அழுத்தம் 2 பாருக்குக் கீழ போனா எரிபொருளை வெட்டற மாதிரி பிரஷர் சுவிட்ச் போடுங்க.

எல்லாரும் தப்பு பண்றது வடிகால் குழாய்ல. உள்ளே போற குழாய் சின்னதா இருக்குன்னு வெளியே வர்றதையும் அதே அளவுல போட்டுடறாங்க. ஆயில் பேரிங்ல இருந்து நுரையா வெளியே வரும், அதுக்குப் பின்னால அழுத்தம் கிடையாது, தானா வழியணும். 25 மி.மீ. குழாய், நேரா கீழே, எங்கேயும் மேடு ஏறக் கூடாது, டேங்க் டர்போவுக்குக் கீழே, டேங்க்ல காத்துப் போக்கி. இதுல ஒண்ணு குறைஞ்சாலும் ஆயில் தேங்கி சீல் வழியா டர்பைன் பக்கம் போகும், வெள்ளைப் புகையா வரும். பார்க்கறவங்க சீல் போச்சுன்னு கிட் மாத்துவாங்க, புகை நிக்காது.

ஓட்ட வெக்கிற முறை: ஆயில் பம்ப் முதல்ல. அப்புறம் கம்ப்ரசர் வாய்ல புளோயர் வெச்சு சக்கரத்தைச் சுத்த விடுங்க. ஸ்பார்க் போட்டு, அதுக்கப்புறம் கேஸ். இந்த வரிசையை மாத்தவே கூடாது. 5 கிலோ சிலிண்டர்ல இருந்து எல்.பி.ஜி. குடுங்க. வீட்டுச் சமையல் சிலிண்டரை இதுக்கு எடுக்கக் கூடாது, சட்டப்படியும் தப்பு. டப்பா அழுத்தம் 0.3 பார் ஏறும் வரைக்கும் புளோயரை எடுக்காதீங்க. சீக்கிரம் எடுத்தா சுற்று ஏறாம அதே இடத்துல நிக்கும், சூடு மட்டும் ஏறும். 0.5 பாருக்கு வந்ததும் டீசலைத் திறந்து கேஸை மெதுவா மூடுங்க.

நிறுத்தும்போது எரிபொருளை வெட்டினதும் புளோயரைத் திரும்ப வெச்சு, வால்ல (புகை வெளியேறற முனையில) 120 டிகிரிக்குக் கீழ வரும் வரைக்கும் காத்தும் ஆயிலும் ஓடணும். அப்படியே விட்டா டர்பைன் சூடு ஷாஃப்ட் வழியா பேரிங்குக்கு இறங்கி, ஆயில் அங்கேயே கருகிக் கரியாகும்.

சூரமங்கலம்_பட்டறை

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். டீசலுக்கு எந்த நாசில் எடுக்கறது? வால்ல எத்தனை டிகிரி வரைக்கும் விடலாம்? தீ நாக்கு வெளியே வந்தா எங்கே தப்பு?

கொண்டலாம்பட்டி_டீசல்

பேக்கரி அவன், பாய்லர் பர்னருக்குப் போடற நாசில் போதும். 7 பார்ல மணிக்கு 30 லிட்டர் வர்ற மாதிரி, 80 டிகிரி கோணம், உள்ளே வெறுமையான கூம்பா விரியற வகை. அதுக்குத் தனி பம்ப் வேணும், சுவிட்ச் விட்டா தானா மூடிக்கற சோலினாய்டு (மின்சார வால்வு) வேணும்.

1.5 மி.மீ. கனமுள்ள கே டைப் தெர்மோகப்பிளை (சூடு அளக்கிற கம்பியை) டர்பைனுக்கு 50 மி.மீ. பின்னால நடுவுல வைங்க. 650 டிகிரி, அதுக்கு மேல வேண்டாம். கம்ப்ரசரைச் சுத்தற வேலையில வாயு ஏறக்குறைய 100 டிகிரி குறையுது, அப்போ டர்பைனுக்கு முன்னால 750. டப்பா அழுத்தம் 1.5 பாரோட நிறுத்துங்க. உங்க சக்கரத்துக்கு அது நிமிஷத்துக்கு 80 ஆயிரம் சுற்றுக்கு மேல, விளிம்பு வேகம் நொடிக்கு 370 மீட்டரைத் தாண்டும்.

வால்ல தீ வந்தா மூணு இடம் பாருங்க. நாசில் தூவாம ஒழுகுதா? முதல் பங்கு ஓட்டை குறைவா இருந்து தீ பின்னாடி நகருதா? வால் கூம்போட வாய் ரொம்பக் குறுகலா? கூம்பை முதல்ல டர்பைன் வாய் அளவுக்கே விட்டு, சூடு பார்த்துப் பார்த்துக் குறைச்சுட்டு வாங்க. பிடிக்காத டீசல் டப்பா அடியில தேங்கி நின்னு, அடுத்த தடவை மொத்தமா பத்திக்கிறதும் உண்டு. அதனால டப்பாவோட அடிமட்டத்துல ஒரு வடிகால் வால்வு கட்டாயம். ஒவ்வொரு தடவை பிடிக்காம போனதும் திறந்து வடிச்சுட்டுத்தான் மறுபடி ஸ்பார்க்.

வாழப்பாடி_கணக்கு

ஏற்காடு கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. ஏறாதுங்க. ஏன்னு கணக்குப் போட்டுடலாம்.

இந்த டர்போ நொடிக்கு ஏறக்குறைய 0.42 கிலோ காத்து இழுக்கும். வால்ல அது நொடிக்கு 350 மீட்டர் வேகத்துல வெளியேறினா தள்ளு விசை 147 நியூட்டன், அதாவது 15 கிலோ. வண்டியும் ஆளும் எரிபொருளும் சேர்ந்து 250 கிலோன்னா டயர் உருள்றதுக்கே 4 கிலோ போயிடும். மிச்சம் 11 கிலோ. சமதரையில மணிக்கு 60 கிலோமீட்டரை ஒட்டி வரும்போது காத்துத் தடை அந்த 11 கிலோவையும் தின்னுடும். அவ்வளவுதான் உச்ச வேகம், அதுக்கும் முக்கால் நிமிஷத்துக்கு மேல ஆகும். சத்தம் மட்டும் ஊரே கேட்கும்.

நூத்துக்கு அஞ்சு ஏற்றம்னா 250 கிலோவைத் தூக்க 12.5 கிலோ, அதோட உருள்றதுக்கு 4. மொத்தம் 16.5. உங்க கிட்ட இருக்கறதே 15. இருபது கொண்டை ஊசி வளைவுல முதல் வளைவுக்கே போக முடியாது. மேலே 1,500 மீட்டர் உயரத்துல காத்து அடர்த்தி ஏழுல ஒரு பங்கு குறையும், தள்ளு விசையும் அதே அளவு குறையும். சேலத்துச் சித்திரை வெயில் 40 டிகிரியிலயே ஒரு 8 சதவீதம் போயிடும்.

எரிபொருளும் பாருங்க. நிமிஷத்துக்கு அரை லிட்டர் டீசல். பத்து லிட்டர் டேங்க் இருபது நிமிஷம்.

அமெரிக்காவுல எம்.டி.டி. கம்பெனி முதல்ல வித்த டர்பைன் பைக் இப்படித் தள்ளற வகை இல்ல. அது அலிசன் 250 ஹெலிகாப்டர் எஞ்சின், 320 குதிரைத் திறன், கியர்பாக்ஸ் வழியா பின் சக்கரத்தைச் சுத்துது. அந்த வழிக்குப் போகணும்னா உங்க டர்போவோட வால்ல ரெண்டாவதா ஒரு பெரிய டர்பைன் சக்கரம் வெச்சு, பல பத்தாயிரம் சுற்றைச் சில ஆயிரமாக் குறைக்கிற கியர் வேணும். அந்தக் கியருக்கு வெட்டுற துல்லியம் வேற உலகம். முதல் எஞ்சினுக்கு அது வேண்டாம். இறக்கின யெஸ்டி எஞ்சினைத் திரும்ப ஏத்திட்டு, ஜெட்டைப் பக்கத்துல கூடுதலா மாட்டறது உங்களுக்குச் சரியா வரும். கிளப்பறதுக்கு, பிரேக் பிடிக்க, ஏத்தத்துக்கு எல்லாம் பழைய எஞ்சின் இருக்கும்.

ஐந்துரோடு_டர்போ

ரோட்டுக்கு எடுக்கற எண்ணம் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி ஆர்.சி.யில இருக்கற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்த முடியாது. சொந்த இடத்துல, தரை கெட்டியா, புல் இல்லாத இடமா பாருங்க. மாக்னசைட் சுரங்கப் பக்கம் வேண்டவே வேண்டாம். அந்த வெள்ளைத் தூசி கம்ப்ரசர் இறக்கையை அரம் போட்ட மாதிரி அரைச்சுடும். வாய்க்குக் கம்பி வலை கட்டாயம்.

வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடி தண்டவாளம் மாதிரி ரெண்டு ஆங்கிள் மேல ஒரு தள்ளு வண்டி வெச்சு, அதுல எஞ்சினைக் கட்டி, பின்னால வால் சூடு படாத மாதிரி தொங்கு தராசை மாட்டி இழுவையை அளங்க. அங்கே 12 கிலோ கூட வரலைன்னா வண்டியில ஏத்தறதுக்கு அர்த்தம் இல்ல, காத்து எங்கே கசியுதுன்னு சோப்புத் தண்ணி வெச்சுப் பாருங்க. கம்ப்ரசர் சக்கரத்தைச் சுத்தி 6 மி.மீ. தகடு வளையம் போடுங்க. சக்கரம் சுத்தற மட்டத்துக்கு நேரா, பக்கவாட்டுல யாரும் நிக்கக் கூடாது, குழந்தைங்க பக்கத்துல வரவே கூடாது. 4.5 கிலோ சி.ஓ.2 சிலிண்டர் கைக்கு எட்டற தூரத்துல. பவுடர் சிலிண்டரை வாய்க்குள்ள அடிச்சா எஞ்சினும் சேர்ந்து போயிடும்.

சூரமங்கலம்_பட்டறை

கணக்கு புரிஞ்சுதுங்க. அப்போ இறக்கின யெஸ்டி எஞ்சினைத் திரும்ப ஏத்திடறேன். முதல்ல ஆங்கிள் ஸ்டாண்டு. 372க்கு 360 ஷீட்ல பேப்பர் ஒட்டிக் குறிச்சாச்சு, நாலு வரிசையும் பாதி தள்ளி. 15 மி.மீ. ஓட்டைக்கு ஸ்டெப் டிரில் போட்டாப் போதுமா, இல்ல பஞ்ச் வேணுமா?

ஐந்துரோடு_டர்போ

ஸ்டெப் டிரில் போதும். 304 சீக்கிரம் இறுகும், அதனால சுற்றைக் குறைச்சு, அழுத்திப் பிடிச்சு, கட்டிங் ஆயில் விட்டுக்கிட்டே போடுங்க. தயங்கித் தயங்கி உரச விட்டா அந்த இடம் கண்ணாடி மாதிரி ஆயிடும், அப்புறம் எந்த டிரில்லும் ஏறாது.