மினசோட்டா 2012: வாக்காளர்களிடம் ஆள் ஆளாகப் பேசியது வீணா?

செந்தில்_ஆஸ்டின்:
"ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைவது மட்டுமே திருமணம்" என்று மாநில அரசமைப்பிலேயே எழுதிவைக்க ஒரு திருத்தம் வந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநில மக்கள் 2012 நவம்பர் 6-ல் அதைத் தோற்கடித்தார்கள். மக்கள் இயக்கம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று போன வாரம் இங்கே பலர் எழுதியிருந்தீர்கள். ஒன்றரை வருடம், ஆயிரக்கணக்கான தொண்டர்கள், கோடிக்கணக்கில் பணம். உழைத்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கணக்குப் பாருங்கள். நான் இருக்கும் டெக்சாஸில் இதே மாதிரித் திருத்தத்துக்கு 2005-ல் 76 சதவீதம் பேர் ஆதரவாக வாக்களித்தார்கள். 2015 ஜூன் 26 காலையில், ஒரே பாலினத்தவர் திருமணத்தை நாடு முழுக்கச் செல்லவைத்த அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஓபர்கெஃபெல் தீர்ப்பு வந்தது, ஐந்துக்கு நான்கு. அன்றைக்கே ஆஸ்டினில் திருமண உரிமம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் ஒரு காலையில் முடித்ததற்கு, மினசோட்டாக்காரர்கள் ஏன் இத்தனை லட்சம் பேரிடம் கெஞ்ச வேண்டும்? அடிப்படை உரிமையை ஓட்டுக்கு விடுவதே தப்பு. விட்டதும் இல்லாமல் அதில் ஜெயித்ததைக் கொண்டாடுவது, தப்பை ஒத்துக்கொண்ட மாதிரிதான்.

ஏரிக்கரை_மீனா:
செந்தில், "கெஞ்ச" என்ற சொல் எனக்குச் சுட்டது. அந்த வருடம் மினியாப்பொலிஸில் திருத்தத்தை எதிர்த்து வாரம் இரண்டு மாலை வாக்காளர்களுக்குப் போன் பண்ண உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தி. அப்போது என்னிடம் க்ரீன் கார்டுதான், ஓட்டு கிடையாது. ஓட்டில்லாதவள் செய்ய முடிந்தது பேசுவது ஒன்றுதான்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாகட்டும். 1997-லேயே மாநிலச் சட்டம் ஒரே பாலினத்தவர் திருமணங்களைத் தடை செய்திருந்தது. திருத்தம் தோற்றாலும் மறுநாள் யாருக்கும் கல்யாணம் நடக்கப்போவதில்லை. திருத்தம் என்பது ஏற்கெனவே சாத்தியிருந்த கதவுக்குப் பூட்டும் போடுவது. நாங்கள் தடுத்தது அந்தப் பூட்டை.

பயிற்சியில் எங்களுக்குச் சொன்ன முதல் பாடம்: உரிமை, சமத்துவம், பாகுபாடு என்று ஆரம்பிக்காதே. 2008-ல் கலிஃபோர்னியாவில் இதே தடையைக் கொண்டுவந்த எட்டாம் முன்மொழிவு 52 சதவீதத்தில் நிறைவேறிய பிறகு, ஏன் தோற்றோம் என்று துருவிப் பார்த்திருந்தார்கள். சாதாரண வாக்காளரிடம் "நீங்கள் ஏன் கல்யாணம் பண்ணிக்கொண்டீர்கள்?" என்று கேட்டால் அன்பு, வாக்குறுதி, கடைசிவரை கூட இருப்பது என்பார். "தன்பாலீர்ப்பாளர்கள் ஏன் கேட்கிறார்கள்?" என்றால் வரிச் சலுகை, காப்பீடு, உரிமை என்பார். நம் பிரச்சாரமே அவர்களுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தது. அதனால் மினசோட்டாவில் நாங்கள் கேட்டது ஒரே கேள்வி: உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, ஏன் பண்ணிக்கொண்டீர்கள்? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த மௌனம்தான் பயிற்சியிலேயே கஷ்டமான பகுதி.

ஒரு அக்டோபர் மாலை. வடக்கே பெமிட்ஜி பக்கத்தில் ஒரு பெரியவர். எடுத்ததும், "நான் ஆதரித்துத்தான் ஓட்டுப் போடுவேன், உன் நேரத்தை வீணாக்காதே அம்மா" என்றார். சரி என்று சொல்லிவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. பின்னால் டிவி ஓடும் சத்தம் மட்டும். அப்புறம் டிவியை அணைத்தார். மனைவி இறந்து மூன்று வருடமாம். கடைசி இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் நாற்காலியிலேயே தூங்கியிருக்கிறார். "நீ யார், ஏன் இங்கே இருக்கிறாய் என்று ஒருத்தர்கூட என்னைக் கேட்கவில்லை. புருஷன் என்று சொன்னால் போதும்" என்றார். நான் எதுவும் சேர்க்கவில்லை. கொஞ்சம் கழித்து, "எதிர்த்துப் போட என்னால் முடியாது. அந்தக் கேள்வியை நிரப்பாமல் விட்டுவிடுகிறேன்" என்றார். எங்கள் மாநிலத்தில் அரசமைப்புத் திருத்தம் நிறைவேற, தேர்தலில் ஓட்டுப் போட்ட எல்லோரிலும் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும். நிரப்பாமல் விட்டால் அது எதிர்ப்பாகத்தான் எண்ணப்படும். அதைச் சொன்னேன். "தெரியும்" என்றார்.

ஆதரவு 47.4 சதவீதம், எதிர்ப்பு 51.2. மீதி அந்தப் பெரியவர் மாதிரி நிரப்பாமல் விட்டவர்கள். இதில் நான் எங்கே கெஞ்சினேன்?

சேவியர்_உட்பரி:
நான் திருத்தத்தை ஆதரித்து ஓட்டுப் போட்டவன். இந்தப் பக்கம் இருந்தும் ஒருவர் பேசட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் பயம் என்ன என்று அன்றைக்கு யாரும் பொறுமையாகக் கேட்கவில்லை. பக்கத்து மாநிலம் அயோவாவில் 2009-ல் உச்ச நீதிமன்றம் ஒரே தீர்ப்பில் திருமணத்தின் பொருளை மாற்றிவிட்டது. மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கத்தோலிக்கனான எனக்குத் திருமணம் ஒரு திருவருட்சாதனம், புனிதச் சடங்கு. அதன் அர்த்தத்தை ஏழு நீதிபதிகள் தீர்மானிப்பதைவிட மக்கள் தீர்மானிக்கட்டும் என்று நினைத்தேன். அதை இன்றும் தப்பு என்று நினைக்கவில்லை. எங்கள் பேராயர் நீன்ஸ்டெட் இதில் வெளிப்படையாக இறங்கினார். பங்குத் தேவாலயங்களில் குழு அமைக்கச் சொன்னார். திருப்பலியில் திருமணத்துக்காக ஜெபம் சொன்னோம். அதற்காக எங்களை வெறுப்பாளர்கள் என்றார்கள். நான் யாரையும் வெறுக்கவில்லை.

இன்னொன்று. இதை அடித்தட்டு இயக்கம் என்று மட்டும் சொல்வது முழு உண்மை ஆகாது. எங்கள் தரப்பைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் பணம் அந்தப் பக்கம் இருந்தது. ஜெனரல் மில்ஸ் மாதிரிப் பெரிய நிறுவனம் பகிரங்கமாக எதிர்த்தது. மீனா தங்கச்சி மாலையில் உட்கார்ந்து போன் பண்ணியது உண்மைதான், அந்த போனுக்குப் பின்னால் பெரும் பணம் இருந்ததும் உண்மைதான்.

நீலன்_ஹட்சன்:
நான் செயின்ட் குரோய் ஆற்றுக்கு இந்தக் கரை, விஸ்கான்சின் மாநிலத்தின் ஹட்சன். பாலத்தைத் தாண்டினால் மினசோட்டா. சேவியர் ஐயா வீட்டுக்குக் காரில் கால் மணி நேரம் ஆகாது.

செந்தில் கேட்ட கணக்கை நான் சொல்கிறேன். விஸ்கான்சினில் 2006-ல் இதே மாதிரித் திருத்தம் வந்தது, 59 சதவீதத்தில் நிறைவேறியது. பூட்டு விழுந்துவிட்டது. மினசோட்டாவில் பூட்டு விழாததால் ஆறே மாதத்தில், 2013 மே மாதம், கீழவையில் 75-59, மேலவையில் 37-30 என்று சட்டம் போட்டு முடித்தார்கள். ஆளுநர் டேட்டன் மே 14-ல் கையெழுத்திட்டார். ஆகஸ்ட் 1 நள்ளிரவு மினியாப்பொலிஸ் நகர மன்றக் கட்டடத்தில் மேயர் ரைபாக் ஜோடி ஜோடியாகக் கல்யாணம் நடத்தி வைத்தார். அதை நானும் என் இணையரும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம். அரை மணி நேரத் தூரம். போயிருக்கலாமே என்பீர்கள். இங்கே தடை செய்யப்பட்ட கல்யாணத்தை வெளிமாநிலம் போய்ச் செய்துகொண்டு திரும்பி வந்தால், 10,000 டாலர் வரை அபராதம், ஒன்பது மாதம் வரை சிறை என்று விஸ்கான்சினில் சட்டம் இருந்தது. நான் அப்போது விசாவில் இருந்தவன். எப்படிப் போவேன்?

2014 ஜூனில் ஒரு கூட்டாட்சி நீதிபதி எங்கள் தடையை ரத்து செய்தார். ஒரு வாரம் உரிமம் கொடுத்தார்கள், அப்புறம் நிறுத்திவைத்தார்கள். நாங்கள் கிளம்பிப் போவதற்குள் கவுன்ட்டர் மூடிவிட்டது. அக்டோபரில்தான் முடிந்தது. ஆற்றின் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் பதினான்கு மாத வித்தியாசம். இடையில் என் இணையரின் அப்பா மதுரையில் இறந்துபோனார். கல்யாணப் பேப்பரோடு அவர் முன்னால் போய் நிற்க வேண்டும் என்று இருந்தோம், சண்டைக்காகவாவது. அந்தப் பதினான்கு மாதத்தை எந்தத் தீர்ப்பும் எனக்குத் திருப்பித் தரவில்லை, செந்தில்.

ஆனால் மீனா அக்கா, உங்களிடமும் ஒரு கோபம் இருக்கிறது. அந்தப் பிரச்சார விளம்பரங்களை நானும் பார்த்தேன். அம்மா அப்பா பேசினார்கள், தாத்தா பாட்டி பேசினார்கள், பாதிரியார் பேசினார். யாருடைய கல்யாணத்தைப் பற்றிய பேச்சோ அவர்கள் பெரும்பாலும் ஓரமாகத்தான் நின்றார்கள். எங்களைப் பார்த்தால் ஓட்டு விழாது என்று கணக்குப் போட்டுத்தானே?

ஏரிக்கரை_மீனா:
நீலன், மறுக்க முடியவில்லை. கணக்குப் போட்டுத்தான் செய்தார்கள். எங்கள் மேசையிலேயே இதைப் பற்றிச் சண்டை நடந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் தன் துணைவியோடு இருபது வருடமாக வாழ்பவர். ஒவ்வொரு அழைப்பிலும் தன்னைப் பற்றிச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துப் பேச வேண்டியிருந்தது. நான் போனை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அவருக்கோ ஒவ்வொரு அழைப்பும் சொந்த வாழ்க்கையைப் பற்றியது. ஒருநாள் ஒருவர் அவரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. கார் நிறுத்துமிடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து அடுத்த எண்ணை அழுத்தினார். ஜெயித்ததால் அந்த விலை இல்லையென்று ஆகிவிடாது.

சேவியர் அண்ணன், பணம் விஷயம் நீங்கள் சொன்னது சரி. ஆனால் இது கட்சிக்காரர்களும் கம்பெனிகளும் மட்டும் செய்த வேலை இல்லை. 2011 மே மாதம் கீழவை 70-62 என்று இதை வாக்கெடுப்புக்கு அனுப்பிய இரவு, எதிர்த்துப் பேசியவர்களில் ஜான் கிரீசல் இருந்தார். குடியரசுக் கட்சிக்காரர், ஈராக்கில் இரண்டு கால்களையும் இழந்தவர். அந்த வருடம் ஆப்கானிஸ்தானில் இறந்துபோன மினசோட்டா வீரர் ஒருவரின் படத்தை அவையில் காட்டிப் பேசினார். அந்த வீரர் தன்பாலீர்ப்பாளர். நாட்டுக்காகச் சாக விட்டோம், காதலித்தவரைக் கட்டிக்கொள்ள விடமாட்டோமா என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். சொந்தக் கட்சியை எதிர்த்து நின்று கேட்டார்.

செந்தில்_ஆஸ்டின்:
நீலன், பதினான்கு மாதம் பற்றி எழுதியதைப் படித்தேன். "வீண்" என்று தலைப்பில் போட்டதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

என் அடிப்படை வாதம் மட்டும் அப்படியே நிற்கிறது. இதே மினசோட்டாவில் 1970-ல் பேக்கர், மெக்கானல் என்று இரண்டு ஆண்கள் திருமண உரிமம் கேட்டுப் போனார்கள். மாநில உச்ச நீதிமன்றம் 1971-ல் மறுத்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972-ல் ஒரே வரியில் தள்ளிவிட்டது. அந்த ஒரு வரியை ரத்து செய்ய 2015 ஆனது. நீதிமன்றம் 1972-ல் தன் வேலையைச் செய்திருந்தால் யாரும் யாருக்கும் போன் பண்ண வேண்டியிருந்திருக்காது. தவறு அங்கே. மக்களிடம் போனது அந்தத் தவறுக்கு நாம் கட்டிய அபராதம்.

ஏரிக்கரை_மீனா:
1972-ல் தீர்ப்பு வந்திருந்தால் நின்றிருக்குமா? ஹவாய் நீதிமன்றம் 1993-ல் கதவைக் கொஞ்சம் திறந்தது, 1998-ல் அங்கேயே திருத்தம் கொண்டுவந்து மூடினார்கள். இந்தத் திருமணத்தை அனுமதித்த மாசசூசெட்ஸ் தீர்ப்பு 2003-ல் வந்தது, அடுத்த வருடம் நவம்பரில் ஒரே நாளில் பதினோரு மாநிலங்கள் தடை எழுதின. சேவியர் அண்ணன் சொன்ன அயோவாவில், அந்தத் தீர்ப்பைக் கொடுத்தவர்களில் மூன்று நீதிபதிகளை 2010 தேர்தலில் மக்கள் பதவியிலிருந்தே இறக்கினார்கள். நீதிமன்றம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கீழே பேசி வைத்திருந்தால்தான் மேலே வரும் தீர்ப்பு தங்கும். எங்களுக்கு முன்னால் முப்பது மாநிலங்கள் இந்தத் தடையை எழுதிவிட்டன. 2006-ல் அரிசோனா ஒரு முறை மறுத்தது, இரண்டே வருடத்தில் அங்கேயும் நிறைவேறிவிட்டது. அந்த வரிசை எங்களிடம் வந்து நின்றது. அதே இரவு மெய்ன், மேரிலாந்து, வாஷிங்டன் மூன்றும் ஓட்டுப் போட்டுத் திருமணத்தை ஏற்றன.

சேவியர்_உட்பரி:
மீனா, எனக்கும் ஒரு போன் வந்தது. பையன் ஒருவன். அதே கேள்வியைக் கேட்டான். நானும் பதில் சொன்னேன். நாகர்கோவிலில் நடந்த என் கல்யாணத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசியிருப்பேன். அவன் என்னோடு வாதம் பண்ணவே இல்லை. கடைசியில் நான் ஆதரித்துத்தான் போட்டேன். என் மகள் எதிர்த்துப் போட்டாள். எங்கள் சாப்பாட்டு மேசையில் அதை இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம்.

2013 சட்டத்தில் குடிமைத் திருமணம் என்ற சொல்லைச் சேர்த்தார்கள். எந்தச் சபையும் விரும்பாத திருமணத்தை நடத்தத் தேவையில்லை என்பதும் அதில் உண்டு. எங்கள் பங்கில் எதுவும் மாறவில்லை. நான் பயந்தது நடக்கவில்லை என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. திருமணம் பற்றிய என் நம்பிக்கை மாறவில்லை. ஆனால் நீலன் எழுதிய அந்த அபராதச் சட்டம், சிறை, அது எனக்கு இதுவரை தெரியாது. அதற்காக நான் ஓட்டுப் போடவில்லை, தம்பி.

நீலன்_ஹட்சன்:
தெரியும் ஐயா. சொன்னதற்கு நன்றி.

இது முடிந்த கதை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. எங்கள் 2006 திருத்தம் விஸ்கான்சின் அரசமைப்பில் இன்னும் அப்படியே இருக்கிறது. செந்திலின் டெக்சாஸிலும்தான். ஓபர்கெஃபெல் அதை உறங்க வைத்திருக்கிறது, அவ்வளவுதான். 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் கருக்கலைப்புத் தீர்ப்போடு நீதிபதி தாமஸ் தனியாக எழுதியதில், ஓபர்கெஃபெல்லையும் மறுபடி பார்க்க வேண்டும் என்றார். அந்த டிசம்பரில் நாடாளுமன்றம் போட்ட சட்டம், ஒரு மாநிலத்தில் நடந்த திருமணத்தை மற்றவை ஏற்க வேண்டும் என்கிறது. உரிமம் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்த மாநிலத்தையும் கட்டாயப்படுத்தவில்லை. அந்தத் தீர்ப்பு போனால் மினியாப்பொலிஸில் கல்யாணம் நடக்கும், ஹட்சனில் நடக்காது. மறுபடியும் அதே ஆறு.

கலிஃபோர்னியாவும் கொலராடோவும் 2024-ல் ஓட்டுப் போட்டே தங்கள் தடையை எடுத்துவிட்டன. இங்கே எடுக்க, அடுத்தடுத்த இரண்டு பேரவைகள் நிறைவேற்றிய பிறகு மக்கள் ஓட்டு. வருடக்கணக்கில் ஆகும். எனக்கு இப்போது குடியுரிமை இருக்கிறது. எங்கள் தெருவில் நாற்பது வீடு. இந்த முறை நானே போய்ப் பேசப்போகிறேன், என் இணையரையும் கூட்டிக்கொண்டு. ஓரமாக நிற்க மாட்டோம்.

மீனா அக்கா, ஒன்று கேட்க வேண்டும். ஏன் கல்யாணம் பண்ணிக்கொண்டீர்கள் என்று கேட்டதும் முகத்தில் அறைந்த மாதிரிக் கதவைச் சாத்தினால் என்ன செய்வீர்கள்?

ஏரிக்கரை_மீனா:
தாளில் அந்த எண்ணுக்கு நேராக ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போவோம். இரண்டு வாரம் கழித்து வேறொருவர் அவர்களுக்கு மறுபடி போன் பண்ணுவார். சனிக்கிழமை மதியம் எனக்கு வேலை இல்லை, நீலன். பாலம் தாண்டி வருகிறேன். முதல் பத்து வீட்டுக்குச் சேர்ந்தே போகலாம்.